ராயானே என்று யாரும் இல்லை

செப்டம்பர் 2, திங்கள். காலை 8:17. மீதம் 1,846.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு நோயாளி அட்டைகள். எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். அவை எத்தனை மனிதர்கள் என்று இந்த மருத்துவமனையில் யாருக்கும் தெரியாது. பழைய கணினி ஆளைக் கத்தகானாவில்தான், அதாவது வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்தில்தான், தேடும். ஹமமாட்சுவுக்குப் பிரேசில்காரர்கள் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருஷமும் அவரவர் காதில் விழுந்தபடியோ கண்ணில் பட்டபடியோ எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வாக்னர் என்று ஒருத்தர், நசுங்கிய விரலோடு நாலு தடவை வந்திருக்கிறார். நாலு தடவைக்கு நாலு அட்டை: வாகுனேரு, பாகுனேரு, பாகினேரு, வாகுனா. விரல் ஒன்றுதான்.

24ஆம் தேதி புதிய கணினி முறை ஓட ஆரம்பிக்கும். ஒரு ஆளுக்கு ஒரு எண். அதற்கு முன் 20ஆம் தேதி பட்டியலைப் பூட்டிவிட வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவர் இனாமி இன்று காலை சொன்னது இவ்வளவுதான்: "நகுமோ-குன், இது எழுத்து வேலைதானே. உனக்கு ஒரு வாரம் போதும்."

போதும். மூன்று நாள் கூட அதிகம்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பெயர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வரவேற்புக் கூடத்தில் போய் நின்றேன். "கொன்காருபேசு-சான்" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. முதல் வரிசையில் கணுக்காலில் கட்டுப் போட்ட ஒரு தடித்த ஆள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் சிமோனே வந்து, குரலைக்கூட உயர்த்தாமல் "கொன்சால்வெஸ்" என்றார். அந்த ஆள் உடனே எழுந்தார்.

அவர்கள் மொழியில் அந்த சி எழுத்துக்கு அடியில் ஒரு கொக்கி உண்டாம். கொக்கி இருந்தால் ச. அரசு தரும் குடியிருப்பு அட்டையில் கொக்கி அச்சாவதில்லை. நம் ஆட்கள் அதைக் க என்று படித்துவிட்டார்கள்.

கானேஷிரோ சிமோனே. முப்பத்து நாலு வயது. தாத்தா ஒகினாவாவிலிருந்து பிரேசில் போனவர். இவர் பன்னிரண்டு வயதில் ஜப்பானுக்கு வந்தவர். எப்போதும் சூயிங்கம். என்னைப் பார்த்துக் கேட்டார்: "நகுமோ-சான், உங்களை நாகூமான்னு கூப்பிட்டா எந்திரிப்பீங்களா?"

மூன்றாவது தடவை எழுந்திருப்பேன் என்றேன்.

"அவர் ஒன்றரை மணி நேரமா உக்காந்திருக்கார்."

சரி. இதற்குத்தான் விதி வேண்டும் என்கிறேன். யார் எழுதினாலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

விதி எழுதி முடித்தாயிற்று. குடியிருப்பு அட்டையில் உள்ள எழுத்துதான் ஆதாரம். வி வந்தால் ப வரிசை. நெடிலைக் காட்டும் நீட்டல் கோடு நீக்கப்படும். குட்டி எழுத்துகள் பெரிதாகும். ஆர் வந்தால் ர வரிசை. எல் வந்தாலும் ர வரிசை, நம்மிடம் இருப்பதே அது ஒன்றுதான். இப்படி மாற்றிய பிறகு பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி, பால் நாலும் ஒத்துப்போனால் ஒரே ஆள். இரண்டு பதிவும் இணையும். முரண்பட்டால் புதியது நிற்கும், பழையது போகும்.

சிமோனே மதியம் அச்சிட்ட தாளோடு வந்தார். சண்டை. அவர்கள் பேச்சில் பெயரின் தொடக்கத்தில் வரும் ஆர், ஹ மாதிரி ஒலிக்குமாம். அறுபது, எழுபது பெயர்களை அவர் ஹ வரிசையில் எழுதி வைத்திருக்கிறார். என் விதி எல்லாவற்றையும் ர ஆக்கிவிட்டது.

கார்டில் ஆர் இருக்கிறது என்றேன்.

"வாயில ஹ இருக்கு."

"வாயைக் கணினியில ஏத்த முடியாது."

"அப்போ கூப்பிடும்போது கார்டு எந்திரிச்சு வருமா?"

இனாமி பக்கத்து மேசையில் இருந்தார். யார் பக்கமும் பேசவில்லை. அதாவது என் பக்கம்.

செப்டம்பர் 6, வெள்ளி

வெயில் 35. ஏசி ரிப்பேர். சிமோனே மாடிப்படியில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். நல்லது.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஓட்டினேன். பதினொரு நிமிஷம். 1,846 இப்போது 1,622. இருநூற்று இருபத்து நாலு இணைப்பு. இருபதைக் கையால் சரிபார்த்தேன். இருபதும் சரி. வாக்னர் ஒரே ஆளாகிவிட்டார்.

இனாமி டப்பாக் காப்பி வாங்கிக் கொடுத்தார். குளிர்ந்தது, சர்க்கரை இல்லாதது. எனக்கு எது பிடிக்கும் என்று கவனித்திருக்கிறார்.

செப்டம்பர் 12, வியாழன்

சிமோனே என் மேசையில் ஒரு நோட்டை வைத்தார். பச்சை அட்டை, முதுகில் இரண்டு சுற்று டேப். பதினொரு வருஷமாக வரவேற்பில் கேட்ட பெயர்கள், கேட்டபடி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கார்டு எழுத்து, பிறந்த தேதி.

"பூட்டறதுக்கு முன்னாடி இதோட ஒருதடவை ஒத்துப் பாருங்க. ரெண்டு நாள் வேலை."

பார்க்கிறேன் என்றேன். இந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நோட்டைக் கீழ் இழுப்பறையில் போட்டேன். என்னிடம் இரண்டு நாள் இல்லை. காதால் கேட்டு எழுதியது ஆதாரமாகாது.

செப்டம்பர் 17, செவ்வாய்

நோட்டு இன்னும் இழுப்பறையில். அவர் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

மாலை 4:05. பூட்டினேன். 1,622.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாலை 6:40. வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன்.

காலை எட்டரைக்குப் புதிய முறை ஓட ஆரம்பித்தது. மதியம் வரை ஒரு புகாரும் இல்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

1:10. உணவறை. வரவேற்பு எழுத்தர் செரிஸாவா எதிரில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உங்க மெஷின் காலையில ஒரு குழந்தையை முழுங்கிடுச்சு." பிரேசில்கார அம்மா ஒருத்தர், ஒரே முகமாய் இரண்டு பெண் குழந்தைகள், இரண்டு அட்டை. ஒரு அட்டையைக் கணினி ஏற்கவில்லை. இரண்டும் ஒரே ஆள் என்று காட்டியது. "அந்தம்மாவுக்கு நம்ம பேச்சு அவ்வளவா வராது. சிமோனே-சான் இன்னைக்கு லீவு. எந்தக் கார்டு வேலை செஞ்சுச்சோ அதையே போட்டு, காய்ச்சல் பொண்ணை உள்ள அனுப்பிட்டேன்."

நானும் சிரித்தேன். இதை எழுதியாக வேண்டும். ஒரு மூன்று விநாடி சிரித்தேன்.

1:18. பதிவைத் திறந்தேன். தவாரெஸ் குடும்பம். இரட்டைக் குழந்தைகள், ஆறு வயது. ஒருத்தியின் பெயர் ஆர் எழுத்தில் தொடங்குகிறது, இன்னொருத்தியின் பெயர் எல் எழுத்தில். மற்ற எழுத்து எல்லாம் ஒன்றே. வீட்டில் கூப்பிடுவது ஹையானி, லையானி. சிமோனே அந்த ஹ-வை எழுதி வைத்திருந்தார். ஆறு வருஷம் இரண்டு பேரையும் பிரித்து வைத்திருந்தது அந்த ஒரு எழுத்து. அதைச் சுரண்டி எடுத்தது நான். ஆர் என்றால் ர. எல் என்றாலும் ர. இரண்டு பேரும் ராயானே. அந்த வீட்டில் ராயானே என்று யாரும் இல்லை.

முரண்பட்டால் புதியது நிற்கும். புதியது ஹையானியுடையது, ஆகஸ்ட்டில் முழங்கால் சிராய்ப்புக்கு வந்தது. ஒவ்வாமை: இல்லை. அழிந்து போனது லையானியுடையது. ஒவ்வாமை: பெனிசிலின் வகை. மூன்று வயதில் தொண்டை வீங்கி, ஆம்புலன்ஸ், இரண்டு நாள் வார்டு.

இன்றைக்குக் காய்ச்சல் யாருக்கு? செரிஸாவாவுக்குத் தெரியவில்லை. டாக்டர் எழுதியிருந்தது: காதில் சீழ். ஐந்து நாளைக்குப் பொடி மருந்து. பெனிசிலின் வகை.

1:24. குழந்தைகள் பிரிவுக்கு ஃபோன் செய்தேன். டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. எதிரில் உள்ள மருந்துக்கடைக்கு ஃபோன்: 12:05க்கே கொடுத்துவிட்டார்கள். ஒவ்வாமை ஒன்றும் இல்லையே என்று கேட்டார்களாம், அந்த அம்மா தலையாட்டினாராம். புரிந்து ஆட்டினாரா, மரியாதைக்கு ஆட்டினாரா? சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பதிவில் இருந்த ஃபோன் எண் பயன்பாட்டில் இல்லை. லையானி பதிவில் வேறு எண் இருந்திருக்கும். அதையும் அழித்தது என் விதிதான். காப்புப் பிரதியிலிருந்து எடுக்க நாற்பது நிமிஷம் ஆகும்.

சிமோனேவைக் கூப்பிட்டேன். பக்கத்து ஊர் இவாத்தாவில், மகனின் பள்ளிக்கூடத்தில் இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "காது வலி லையானிக்குத்தான் அடிக்கடி வரும்" என்றார். பிறகு, "எனக்கு அரை மணி நேரம் ஆகும். அவங்க வீடு உங்களுக்குப் பக்கம்தான். சைக்கிள் இருக்கா?"

இனாமி வாசலில் மறித்தார். நர்ஸ்கள் தேடட்டும், முதலில் யார் எதை எப்போது உள்ளிட்டார்கள் என்று எழுதி வைத்துவிடு என்றார். படியில் இறங்கிவிட்டேன்.

1:51. நகராட்சிக் குடியிருப்பு. ஐந்து மாடி. பதிவில் கட்டட எண் மட்டும்தான் இருந்தது, அறை எண் இல்லை. கீழே நாற்பது தபால் பெட்டி. தாபாரேசு என்று தேடினேன். இல்லை. மறுபடி முதலிலிருந்து. இல்லை. தேடுவது என் எழுத்தை என்று அப்போதுகூட உறைக்கவில்லை.

முற்றத்தில் நின்று கத்தினேன். தாபாரேசு ராயானே. தாபாரேசு ராயானே. ஒரு நாய் குரைத்தது. இரண்டு ஜன்னல் திறந்து மூடியது. மூன்றாவது தடவையும் கத்தினேன். யார் எழுந்து வருவார்கள்? கார்டா?

சிமோனேவுக்கு ஃபோன். எப்படிக் கூப்பிடணும்னு கேட்டேன்.

"வயித்துலேர்ந்து காத்தை விடுங்க. ஹ. ஹையானி. லையானிக்கு நாக்கை மேல் பல்லுக்குப் பின்னாடி ஒட்டி வைங்க."

என் நாக்கு அங்கே ஒட்டாது. இருபத்தாறு வருஷத்தில் அதற்கு அந்த வேலையே வந்ததில்லை. ஹையானி என்று கத்தினேன்.

மூன்றாவது மாடி. காயப்போட்ட துணிக்கு நடுவில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் அதே முகம் இன்னொன்று, காதோடு துண்டு கட்டியிருந்தது.

எத்தனை படி என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. அடுப்பில் கறுப்புப் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. மேசையில் மருந்துப் பொட்டலம் ஒன்று கிழிந்து கிடந்தது. பொடி தயிர்க் கிண்ணத்தில். கரண்டி செருகியிருந்தது. மருந்து, வேண்டாம், நிறுத்துங்க என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை எடுத்தேன். அந்த அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கினார். பிடுங்கத்தான் செய்வார். வியர்த்து வழியும் ஒரு அந்நியன் வீட்டுக்குள் புகுந்து பிள்ளையின் மருந்தை எடுக்கிறான்.

ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு நீட்டினேன். சிமோனே ஒரு நிமிஷம் பேசினார். அந்த அம்மா கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். குழாயை ரொம்ப நேரம் திறந்து விட்டிருந்தார்.

கொடுக்கவில்லை. ஒரு கரண்டிகூட. பீன்ஸ் வேகவில்லை என்பதால், அவ்வளவுதான்.

துண்டு கட்டிய பெண் என்னையே பார்த்தாள். உன் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். நான் கேட்டது ல-வா ர-வா? எனக்குத் தெரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன், சொன்னாள். தெரியவில்லை. ஹையானி பக்கத்தில் நின்று சிரித்தாள்.

திரும்பும்போது பெட்டியைப் பார்த்தேன். கத்தகானாவில் டவாரிஸ் என்று எழுதி ஒட்டியிருந்தது.

செப்டம்பர் 25, புதன்

இனாமியின் அறிக்கை தயார். காரணம் என்ற இடத்தில் ஒரு வரி: "வரவேற்பு மொழிபெயர்ப்பாளர் விதிக்குப் புறம்பான எழுத்துமுறையைப் பயன்படுத்தியதால் பதிவுகளில் சீரின்மை ஏற்பட்டது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஹ விதியில் இல்லை. சீரின்மையும் இருந்தது. மொத்த வரி பொய்.

"ஒண்ணும் ஆகலையே. யாருக்கும் வலிக்காத ஒரு வரி. உன் பேர் முத்திரையைக் குத்திட்டு வேலையைப் பாரு" என்றார்.

சிமோனேவுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம். இந்த மாசம் 30ஆம் தேதியோடு முடிகிறது. இனாமிக்கு அது தெரியாதா?

நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி வந்தேன். ஏன் அங்கேயே மாட்டேன்னு சொல்லல? மத்த எல்லாத்துக்கும் வாய் இருக்கே.

செப்டம்பர் 26, வியாழன்

முத்திரை குத்தவில்லை. என் அறிக்கையை நானே எழுதினேன். விதி என்னுடையது. இருநூற்று இருபத்து நாலில் இருபதைத்தான் சரிபார்த்தேன். 5ஆம் தேதி எச்சரிக்கப்பட்டேன். 12ஆம் தேதி முதல் நோட்டு என் இழுப்பறையில் இருந்தது, திறக்கவில்லை.

இனாமி இரண்டு தடவை படித்தார். நோட்டு விஷயத்தை மட்டும் எடுத்துவிடு, அது யாருக்குமே தெரியாதே என்றார். நிஜமாகவே என்மேல் அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் பிரச்சினை.

"இழுப்பறைக்குத் தெரியும்" என்றேன். நக்கலாக இல்லை. அப்படித்தான் வாயில் வந்தது. என் முத்திரையைக் குத்தி, நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

நோட்டை ஒத்துப் பார்த்தேன். இரண்டு நாள் ஆகும் என்று சொன்னது சரி, ஆனால் ஒரே நாளில் முடித்தேன். சாப்பிடவில்லை.

இன்னும் மூன்று ஜோடி தப்பாக இணைந்திருந்தது. ஆறு பேர். ஒரு ஜோடி உறவே இல்லாதவர்கள், ஒரே நாளில் பிறந்த இரண்டு சில்வா. சிமோனே ஆறு பேரையும் ஃபோனில் பிடித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது ஆளோடு பேசி முடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு சீஸ் ரொட்டி உருண்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

செப்டம்பர் 30, திங்கள்

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இணைப்பு வேலை என்னிடமே இருக்கும், ஆனால் மேலே இன்னொருவர் பார்ப்பார். அது போக அக்டோபர் முழுக்கக் காலையில் வரவேற்பில் உட்கார வேண்டும். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. இனாமி இப்போது காப்பி வாங்கித் தருவதில்லை.

வரவேற்பின் அக்டோபர் வேலை அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. முதல் பெயர் என்னுடையது. அதற்கு அடுத்து கானேஷிரோ, 31ஆம் தேதி வரை எல்லா நாளும். ஒப்பந்தம் நீண்டிருக்கிறது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் கடைசிப் பக்கத்தைத் திறந்து ஏதோ எழுதி, மறுபடி என்னிடமே தந்தார். அவர்கள் எழுத்தில் என் பெயர். நகுமோ சரியாக இருந்தது. என் முதற்பெயர் ஷூஹேய் எக்ஸில் தொடங்கியது, அவர்களுக்கு அது ஷ. ஹே வர வேண்டிய இடத்தில் இரண்டு ஆர்.

தப்பு என்றேன். பழக்கம்.

"எச் போட்டா எங்களுக்கு அது ஊமை, பேர் நடுவுல ரெண்டு ஆர்தான் ஹ. ஷூ-ஏய்னு ஆயிடும். எங்கம்மா இதைப் படிச்சா உங்களைச் சரியா கூப்பிடுவாங்க."

"எத்தனாவது தடவை?"

"முதல் தடவையே, நகுமோ-சான்."

நாளையிலிருந்து:

1. இருநூற்று இருபத்து நாலு இணைப்பையும் அவிழ்ப்பது. சரியாக இருப்பதையும் சேர்த்து.
2. கார்டு எழுத்துக்கு ஒரு கட்டம், வாய் ஒலிக்கு ஒரு கட்டம். ஒன்று இன்னொன்றை அழிக்கக் கூடாது.
3. ஆளிடம் கேட்டுத்தான் இணைப்பது. தலையாட்டினால் மறுபடி கேட்பது.
4. வாக்னருக்கு நாலு அட்டையும் திரும்ப வந்துவிடும். முதல் ஃபோன் அவருக்கு. விரல் எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.
5. லையானிக்கு 8ஆம் தேதி காது பார்க்க வரச் சொல்லியிருக்கிறது. கூப்பிடப் போவது நான்.
6. அதற்குள் ல. தினம் ஐம்பது தடவை, சைக்கிளில்.
7. நோட்டின் கடைசிப் பக்கம்: நடுவில் இரண்டு ஆர். திருத்தக் கூடாது.